கும் சொன்னால் மறுபேச்சில்லை

வுகாஷின் முப்பத்து நான்கு பரீட்சைகளில் முப்பத்து மூன்றைத் தாண்டிவிட்டான். பாக்கி ஒன்றே ஒன்று. அதுவும் முதல் வருஷத்துப் பாடம், ப்ரோகிராமிங் அடிப்படைகள். ஏழு தடவை எழுதினான், ஏழு தடவையும் ஐந்து. அவன் கல்லூரியில் பத்து என்றால் ராஜா, ஆறு என்றால் தப்பித்தோம் பிழைத்தோம், ஐந்து என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தடவை வா.

இதில் கூத்து என்னவென்றால், அவன் ஏற்கெனவே சீனியர் ப்ரோகிராமர். நிஷ் நகரத்தில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு கம்பெனி. அவனுக்குக் கீழே ஒன்பது பேர். அறைக் கதவில் அவன் பெயர், அதற்குக் கீழே பதவி, அதற்கும் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு பதவி. அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவன் ஆயிரம் பேருக்குப் பந்தி போட்ட கதைதான்.

எப்படி ஓட்டினான்? அதற்குத்தான் ஏஐ இருக்கிறதே. ஆபீஸில் அதற்குப் பெயர் ‘கும்’. கும் என்றால் அந்த நாட்டு வழக்கில், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பவர், பிறகு பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் வைப்பவர். கூடப் பிறந்த அண்ணனோடு வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கும்மை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் ஊரே காறித் துப்பும். அப்பேர்ப்பட்ட பெயரைப் போய் ஒரு மெஷினுக்கு வைத்தார்கள். முதலில் விளையாட்டாகத்தான் வைத்தார்கள். ஆறே மாதத்தில், கும் எழுதிக் கொடுத்ததை யாராவது வரிவரியாகப் படித்தால், “என்னடா, கும்மையே சந்தேகப்படுறியா?” என்று ஆபீஸே கைகொட்டிச் சிரித்தது. படித்தவன் வெட்கப்பட்டுத் திரையை மூடினான். அப்புறம் யாரும் படிக்கவில்லை.

கம்பெனியின் பெருமையே அரில்யே ஊரில் இருந்த ஒரு கோல்டு ஸ்டோரேஜ்தான். ராஸ்ப்பெரி பழத்தை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். மூன்றாவது அறையில் பத்து சென்சார். பத்தில் எது அதிகச் சூடோ அதைத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வெள்ளோட்டம் பார்த்தபோது திரையில் சைபர் வந்தது. வுகாஷின் கும்மிடம், “இது மைனஸ் பதினெட்டுன்னு காட்டணும்” என்று தட்டினான். கும், “மிகக் கூர்மையான கவனிப்பு! சரிசெய்துவிட்டேன்” என்றது. அன்றிலிருந்து மைனஸ் பதினெட்டுதான். குளிர்காலம் போய், வசந்தம் போய், ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தபோதும் மைனஸ் பதினெட்டு. முடி அளவுகூட அசையவில்லை. கோல்டு ஸ்டோரேஜ் மேனேஜர் ரதிஷா, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களையெல்லாம் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட சீனியர், ஜூன் மாதப் பரீட்சையில் என்ன செய்தான் தெரியுமா? ‘பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்க ப்ரோகிராம் எழுதுக’ என்று கேள்வி. கம்ப்யூட்டர் கிடையாது, காகிதம், பேனா. வுகாஷின் பழக்கதோஷத்தில் எழுதினான்: ‘நீ இருபது வருட அனுபவமுள்ள பொறியாளர். பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிக்கும் ப்ரோகிராமைத் தப்பில்லாமல் எழுது.’ எழுதிவிட்டு, கீழே பாதிப் பக்கம் இடம் விட்டு, தாளைக் கொடுத்துவிட்டு வந்தான்.

தாளைத் திருத்தியவள் இஸிதோரா. அவனோடு ஒரே வருஷம் சேர்ந்தவள், ஒரே பெஞ்சு. இப்போது அங்கேயே துணை விரிவுரையாளர். அவன் விட்டிருந்த இடத்தில் சிவப்பு மையில் எழுதினாள்: ‘அருமையான கேள்வி! இதோ உங்களுக்கான விடை: 5. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’

அந்தத் தாளின் நகல் ரெண்டே நாளில் கல்லூரி கேன்டீனில் காபி மெஷினுக்கு மேலே தொங்கியது.

சரி, ஆனது ஆகிவிட்டது. இப்போது செப்டம்பர். பழைய பாடத்திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது. இந்தத் தடவையும் ஐந்து என்றால், தாண்டிய முப்பத்து மூன்றில் பாதி செல்லாது. பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு முதல் வருஷத்தில் போய் உட்கார வேண்டும். அவன் அம்மா தெசங்காவோ பாஸ் ஆனதாகவே முடிவு செய்து, ஆட்டுக்குட்டிக்குச் சொல்லி, நாற்பது பேரை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

வுகாஷின் சும்மா இருக்கவில்லை. வரக்கூடிய நூறு கேள்விகளைக் கும்மிடமே கேட்டு வாங்கி, நூறு விடையையும் மனப்பாடம் செய்தான். செப்டம்பர் என்றால் ஊர் முழுக்கக் குடைமிளகாய் சுடும் புகைதான். தெசங்காவும் பால்கனியில் அடுப்பை வைத்து, குளிர்காலத்து அய்வார் விழுதுக்காக நாற்பது கிலோ மிளகாயைச் சுட்டு உரித்துக்கொண்டே மகனை ஒப்பிக்கச் சொன்னாள்.

“அறுபத்தி நாலு!”

“ஃபார், அடைப்பு, ஐ சமம் சைபர், செமிகோலன், ஐ சின்னது பத்து, ஐ ப்ளஸ் ப்ளஸ்…”

“ஒரு செமிகோலனை முழுங்கிட்டே.”

“முழுங்கலம்மா. மெதுவா சொன்னேன்.”

“உனக்கே கேக்கல, வாத்தியாருக்கு எப்படிடா கேக்கும்? ஆமா, ஐ ப்ளஸ் ப்ளஸ்ஸுன்னா என்னடா?”

“அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா.”

“கேட்டா?”

“அடுத்த கேள்விக்குப் போம்மா!”

அறுபத்தி ஐந்துக்குப் போனார்கள்.

பரீட்சை அன்று காலை அவன் படியிறங்கும்போது தெசங்கா அவன் பின்னால் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள், போகிற காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓட வேண்டுமென்று. கீழ்வீட்டுக்காரன் செருப்பு நனைந்து கத்தினான். “பையன் பரீட்சைக்குப் போறான்!” என்று தெசங்கா பதிலுக்குக் கத்தினாள். “எட்டாவது தடவையா?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேர்வறையில் ஜன்னலோரம் பேராசிரியர் ஒப்ராத் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்து அவருடையது, வேலை இஸிதோராவுடையது, அதுதான் அங்கே ஏற்பாடு. வாசலில் ஒரு அட்டைப்பெட்டியில் போனைப் போட வேண்டும். வெளியே எடுத்தால் பரீட்சை ரத்து.

“வாங்க சீனியர் சார்,” என்றாள் இஸிதோரா. “ஆபீஸ் எல்லாம் சௌக்கியமா?”

“ஆரம்பிக்காத இசி.”

“தேர்வறைக்குள்ள மேடம்னு கூப்பிடு.”

“ஆரம்பிக்காதீங்க மேடம்.”

மேஜையில் சீட்டுகள் கவிழ்த்துப் பரப்பியிருந்தன. இடதுகையால் எடுத்தால் நல்ல சீட்டு வரும் என்பது கல்லூரி நம்பிக்கை. வுகாஷின் இடதுகையால், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். சீட்டில் மூன்றே வார்த்தை இருந்தது: கேள், படி, கையெழுத்திடு.

“இது என்ன, நூறுல இல்லையே?”

“எந்த நூறு?”

“ஒண்ணுமில்ல.”

“எல்லாச் சீட்டும் இன்னிக்கு இதேதான். புது முறை. இப்ப நான்தான் உன் கும்,” என்றாள் இஸிதோரா. “உனக்கு என்ன ப்ரோகிராம் வேணுமோ கேளு, நான் எழுதித் தர்றேன். நீ படிச்சுப் பாத்து, சரின்னா சரின்னு கீழ கையெழுத்துப் போடணும். தப்புன்னா எங்க தப்புன்னு சொல்லணும். அவ்ளோதான் பரீட்சை.”

வுகாஷினுக்கு உள்ளுக்குள் மேளமே கொட்டியது. தினமும் செய்கிற தொழில் இதுதானே! சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “நீ இருபது வருஷ அனுபவமுள்ள…”

“எனக்கே இருபத்தஞ்சு வயசுதான். பரவால்ல, மேல சொல்லு.”

“பத்து எண்கள்ல பெருசு எதுன்னு கண்டுபிடிக்கணும். தப்பில்லாம.”

“அருமையான கேள்வி!” என்றாள் இஸிதோரா.

பேராசிரியர் ஒப்ராத் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒருவரைக்கூடப் பாராட்டி அவர் கேட்டதில்லை.

இஸிதோரா விறுவிறுவென்று ஐந்து வரி எழுதி நீட்டினாள். “இதோ! எல்லாச் சூழ்நிலையிலும் சிறப்பா வேலை செய்யும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

வுகாஷின் பேனா மூடியைத் திறந்தான்.

“படிச்சியா?”

“பாத்தேன்.”

“என்ன பாத்தே?”

“வரியெல்லாம் ஒழுங்கா உள்ள தள்ளி எழுதியிருக்கு. அடைப்பெல்லாம் மூடியிருக்கு. நல்லா இருக்கு.”

“கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தியா? இந்தா, இது ஜனவரி மாசம் நம்ம ஊருல பத்து நாள் காலைக் குளிர்.” அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்: -7, -3, -12, -5, -9, -4, -6, -11, -8, -2. “இதைக் குடுத்தா என்ன வரும்?”

“பெருசுதான் வரும். மைனஸ் ரெண்டு.”

“அது உன் கண்ணு சொல்றது. ப்ரோகிராம் என்ன சொல்லும்? இந்தா பென்சில். நீயே மெஷின்னு நெனச்சுக்கோ. எழுதியிருக்கிறதை மட்டும் செய்யணும். சொந்த புத்தியை உபயோகிக்கக் கூடாது.”

“அது எனக்குக் கஷ்டம் இல்ல.”

“தெரியும்.”

வுகாஷின் பென்சிலைக் கையில் எடுத்தான். முதல் வரி: ‘பெரிசு’ என்று ஒரு பெட்டி, அதற்குள் சைபர். சரி, தாளில் ஒரு கட்டம் போட்டு சைபர் எழுதினான். அப்புறம், ஒவ்வொரு எண்ணாக எடுத்து, பெட்டிக்குள் இருப்பதைவிடப் பெரிதா என்று பார்க்க வேண்டும். பெரிதென்றால் பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். மைனஸ் ஏழு சைபரைவிடப் பெரிதா? இல்லை. மைனஸ் மூன்று? இல்லை. மைனஸ் பன்னிரண்டு? அதுவும் இல்லை. பத்து எண்ணும் வரிசையில் வந்து கதவைத் தட்டின. பெட்டிக்குள் சைபர் காலை நீட்டிப் படுத்துக்கொண்டிருந்தது.

“சைபர் வருது,” என்றான்.

“எந்த நாள் சைபர் இருந்துச்சு?”

“எந்த நாளும் இல்ல. சைபர் இந்தப் பத்துல இல்லவே இல்ல. ஆரம்பத்துல நாமளா போட்டது அப்படியே…”

வாக்கியத்தை முடிக்கவில்லை. முகம் வெளுத்தது. வெள்ளோட்டத்தில் திரையில் வந்ததும் சைபர்தான். கும் சரிசெய்து கொடுத்த ப்ரோகிராமில் கடைசி வரியில் ஒரு ‘- 18’ பார்த்த ஞாபகம். அப்போது அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்தான். சைபரில் பதினெட்டைக் கழித்தால் மைனஸ் பதினெட்டு. அறைக்குள் மைனஸ் இருபது இருந்தாலும் மைனஸ் பதினெட்டு. மைனஸ் ஒன்று இருந்தாலும் மைனஸ் பதினெட்டு!

“இசி, எனக்கு போன் வேணும்.”

“தொட்டா பரீட்சை போச்சு. உனக்கே தெரியும்.”

“தெரியும்.”

“இதுதான் கடைசி வாய்ப்பு வுகா. முதல் வருஷத்துலேருந்து மறுபடி. விளையாடாத.”

வுகாஷின் அட்டைப்பெட்டியைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். தப்பு எங்கே என்று சொல்லி முடிக்க இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. சொல்லிவிட்டு அப்புறம் போன் பண்ணலாம். ஆனால் அப்புறம் திருத்தச் சொல்வாள், அப்புறம் இன்னொன்று கேட்பாள், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அரில்யேயில் இருப்பது நூற்று இருபது டன் பழம். எழுந்து போய்ப் போனை எடுத்துவிட்டான்.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார் ஒப்ராத் தலை நிமிராமல். “ரத்து பண்றதுன்னா என்னத்துக்குன்னு எனக்குத் தெரியணும்.”

ரதிஷா நாலாவது மணியில் எடுத்தார். “சொல்லு தம்பி! பாஸாயிட்டியா?”

“அண்ணே, மூணாவது ரூம்ல எவ்ளோ காட்டுது?”

“மைனஸ் பதினெட்டு. வேற எவ்ளோ காட்டும்? தங்கமான ப்ரோகிராம்!”

“அதை நம்பாதீங்க. கதவைத் திறந்து பாருங்க.”

“என்னது? அக்டோபர்ல பழம் வாங்குற பிரெஞ்சுக்காரன் வர்ற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு சீல் வெச்சிருக்கு. திறந்தா குளிர் போயிடும்.”

“குளிர் ஏற்கெனவே போயிருக்கலாம்ணே.”

“திரையில மைனஸ் பதினெட்டு இருக்கும்போது எப்படிப் போகும்? உங்க கும் எழுதினதுதானே? நீதானே சொன்னே, கும் தப்பே பண்ணாதுன்னு?”

“அண்ணே, கேளுங்க. ஒருத்தன் உள்ள போறான். கையில ஒரு சீட்டு, அதுல சைபர்னு எழுதியிருக்கு. பத்து சென்சாரையும் பாக்கணும், எது கையில இருக்கிறதைவிடச் சூடோ அதை எழுதிக்கணும். மைனஸ் இருபது சைபரைவிடச் சூடா?”

“இல்ல.”

“மைனஸ் நாலு?”

“இல்ல.”

“அப்ப பத்தையும் பாத்துட்டு வெளிய வரும்போது அவன் கையில என்ன இருக்கும்?”

“சைபர்… இரு இரு. உள்ள சைபர் இல்லவே இல்லையே?”

“இல்ல! அது நாம குடுத்தனுப்பினது. அதுல பதினெட்டைக் கழிச்சு உங்ககிட்ட காட்டிட்டு இருக்கான். ஒன்பது மாசமா அவன் எதையும் எழுதவே இல்லைண்ணே.”

ரதிஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே? படிக்கப் போனதும் புத்தி கெட்டுப்போச்சா? எனக்கு அந்தப் பழைய மைனஸ் பதினெட்டே போதும்!”

“திரைக்குப் போதும்ணே. பழத்துக்குப் போதுமான்னு கதவைத் திறந்து கேளுங்க.”

போனில் காலடிச் சத்தம். பெரிய தாழ்ப்பாள் நகரும் சத்தம். அப்புறம் பெட்டியை நகர்த்தும் சத்தம்.

“அண்ணே?”

“தம்பி…” ரதிஷாவின் குரல் சுருங்கிப் போயிருந்தது. “கதவுப் பக்கம் இருக்கிற பெட்டியெல்லாம் அடியில ஈரமா இருக்குடா. சிவப்பா ஒழுகுது.”

“உள்ள?”

“உள்ள இருக்கிறது இன்னும் கல்லாத்தான் இருக்கு.”

“ரெண்டாவது கம்ப்ரசரைப் போடுங்க. நல்லதையெல்லாம் ஒண்ணாவது ரூமுக்கு மாத்துங்க. திரையைப் பாக்காதீங்க, சாதா தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க!”

போன் துண்டானது. வுகாஷின் அதை மேஜையில் வைத்துவிட்டுத் மதிப்பெண் குறிக்கும் தன் தேர்வுப் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினான். “சரி, நான் கெளம்பறேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்…”

“உக்காரு,” என்றார் ஒப்ராத். அலமாரியிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். “‘தேர்வர் எந்தக் கருவியின் மூலமும் உதவி பெறலாகாது.’ இஸிதோரா, இவனுக்கு ஏதாவது உதவி கிடைச்சதா?”

“திட்டுதான் கிடைச்சது சார்.”

“திட்டு உதவியில சேராது. அது சேரும்னா எனக்கு வீட்டுல நிறைய உதவி நடக்குது.” புத்தகத்தை மூடினார். “மேல கேளு.”

வுகாஷின் நாற்காலியை இழுத்தான். உட்கார்ந்தான்.

“தப்பு எங்கன்னு அந்த மேனேஜருக்குச் சொல்லிட்டே, எங்க காதுலயும் விழுந்துச்சு,” என்றாள் இஸிதோரா. “திருத்து.”

அவன் தாளையே வெறித்தான். நூறு விடைகளும் தலைக்குள் செமிகோலன் சகிதம் ஓடின. ஒன்றும் உதவவில்லை. அந்த ஆள் கையில் சைபரைக் கொடுக்கக் கூடாது. அப்போது எதைக் கொடுப்பது? மைனஸ் ஆயிரமா? அதுவும் நாமாகக் கொடுப்பதுதானே. உள்ளே இருப்பதிலேயே ஒன்றைக் கொடுத்தால்? முதலில் நிற்பதையே கொடுத்தால்? சைபரை அடித்துவிட்டு, அதன் மேல் ‘முதல் எண்’ என்று வரும்படி எழுதினான். இத்தனை வருஷத்தில் அவனாக யோசித்து எழுதிய முதல் வரி அதுதான். கையெழுத்து கோழி கிறுக்கியது போல் இருந்தது.

இஸிதோரா பார்த்தாள். தேர்வுப் புத்தகத்தை இழுத்து, மதிப்பெண்ணை எழுதி, ஒப்ராத்திடம் தள்ளினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆறு.

முப்பத்து நாலும் முடிந்தது. வுகாஷினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூடவே கொஞ்சம் திமிரும் திரும்பி வந்தது. “ஆறுதானா? ஒரு கோல்டு ஸ்டோரேஜையே காப்பாத்தியிருக்கேன்!”

“நீ திருத்தினதை இப்ப ஓட்டினா என்ன வரும்?”

“மைனஸ் ரெண்டு.”

“மைனஸ் மூணு.”

“எப்படி?”

“அதுக்குத்தான் ஆறு. வீட்டுக்குப் போடா, அம்மா காத்துட்டு இருப்பாங்க.”

அந்த நேரம் போன் அதிர்ந்தது. கம்பெனி முதலாளி. ரதிஷா அதற்குள் அவரிடம் கத்தியிருப்பார். வுகாஷின் போனைக் கவிழ்த்து வைத்தான். புத்தகத்தைப் பையில் போட்டான். எழுந்தான். கதவு வரை போனான். திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“பென்சிலைக் குடு.”

“ஆறு மாறாது.”

“மாற வேண்டாம், குடு.”

இந்தத் தடவை விரலை வரியின் மேல் வைத்து நகர்த்தினான். மெஷின் எண்ணுவது சைபரிலிருந்து. முதல் எண்ணுக்கு அடையாளம் சைபர், இரண்டாவதுக்கு ஒன்று. அப்படியே போனால் பத்தாவதுக்கு ஒன்பது. வரியிலோ, ஒன்பதைவிடக் குறைவாக இருக்கும் வரைதான் பார்க்கச் சொல்லியிருந்தது. ஆக எட்டோடு நின்றுவிடும். முதல் தடவை அவன் பத்தையும் பார்த்தது, பத்து இருக்கிறதே என்ற நம்பிக்கையில்தான். பத்தாவதை ப்ரோகிராம் திரும்பிக்கூடப் பார்க்காது. மைனஸ் ரெண்டு அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

“கடைசி ஆளை யாருமே பாக்கல,” என்றான்.

இஸிதோரா மேஜை மேல் இருந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

வுகாஷினுக்கு அரில்யேயில் பத்தாவது சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியும். லாரி வந்து நிற்கிற கதவுக்குப் பக்கத்தில், அறையிலேயே அதிகச் சூடான மூலையில். அங்கே எழுதியிருக்கும் வரியும் இதே போலத்தானா என்று அவனுக்குத் தெரியாது. அவன் அதைப் படித்ததே இல்லையே. முதலாளியின் அழைப்பு மூன்றாவது தடவை வந்து ஓய்ந்ததும் ரதிஷாவின் நம்பரை அழுத்தினான்.

“அண்ணே, இன்னும் ஒரு தப்பு இருக்கலாம்.”

“இன்னுமா? மொத்தம் எத்தனைடா இருக்கு?”

“தெரியலண்ணே,” என்றான் வுகாஷின். “இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன்.”